கருநீலத் துணியும் மூன்றாவது அப்புறமும்

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் முதல் வாரத்திலேயே என்னிடம் கேட்டுவிடுகிற கேள்வி ஒன்று உண்டு. வெளிநாட்டு மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கும் மாணவருக்கு, மதிப்பெண்ணைத் தவிர வேறு எந்த அனுபவம் அதிகம் உதவும்? பரதநாட்டியமா, கராத்தேயா, மருத்துவ முகாமா, மாமாவின் கிளினிக்கில் மூலையில் உட்கார்ந்து பார்த்ததா?

லஸ் முனைக்குப் பக்கத்து மாடி அலுவலகத்தில் என் பணிக்காலம் முழுவதும் நானும் இதையேதான் கேட்டுக்கொண்டிருந்தேன். உள்ளூரில் படிப்பதென்றால் நுழைவுத் தேர்வு மதிப்பெண் பேசிவிடும். வெளியே அப்படியில்லை. கட்டுரை எழுதச் சொல்வார்கள், நேர்காணல் வைப்பார்கள், பள்ளிக்கூடத்துக்கு வெளியே என்ன செய்தாய் என்று துருவுவார்கள். அந்தத் துருவலுக்குப் பிள்ளைகளைத் தயார் செய்வதுதான் நம் தொழில்.

ஓய்வு பெற்ற பிறகும் எனக்கு அந்தக் கேள்வி தீரவில்லை. பழைய மருத்துவர்கள் எழுதிய தன்வரலாறுகளைத் தேடிப் படிக்கிற பழக்கம் எனக்கு உண்டு. எப்படி மருத்துவரானோம் என்று பக்கம் பக்கமாக எழுதுகிறவர்கள், சிறுவயதில் வாங்கிய ஒரு சான்றிதழைப் பற்றிக்கூட எழுதியதாக நினைவில்லை. அது ஏன் என்று யோசிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு பெண்ணின் நினைவு வரும். அவளைப் பற்றிச் சொல்கிறேன். எதையும் நாள் கிழமையோடு குறித்து வைப்பவன் நான். ஆனால் ஆண்டைச் சொன்னால் ஆளைக் கண்டுபிடித்துவிடுவீர்கள். அதனால் மாதத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். பெயர்களையும் மாற்றியிருக்கிறேன்.

அதற்கு முன் ஒருவரை அறிமுகப்படுத்த வேண்டும். எங்கள் அலுவலகத்தில் சனிக்கிழமைதோறும் மாதிரி நேர்காணல் நடத்த வந்தவர், ஓய்வு பெற்ற குழந்தை மருத்துவர். கபாலீசுவரர் கோயில் குளத்துக்குப் பின்னால் வீடு. நாங்கள் எல்லோரும் டாக்டர் மாமி என்றுதான் அழைத்தோம். அவர் நேர்காணலில் கேட்டது பெரும்பாலும் ஒரே ஒரு சொல்: "அப்புறம்?"

மாணவர் தான் செய்ததைச் சொல்லி முடிப்பார். மாமி, "அப்புறம்?" என்பார். மாணவர் இன்னும் கொஞ்சம் சொல்வார். மீண்டும், "அப்புறம்?" மனப்பாடம் செய்து வந்த பிள்ளைகளுக்கு இரண்டாவது அப்புறத்தில் நாக்கு உலர்ந்துவிடும். மூன்றாவது அப்புறத்துக்குப் பதில் இருக்கிற அனுபவத்தை மட்டும் விட்டுவைப்போம், மற்றதை அடித்துவிடுவோம். இதுதான் எங்கள் அலுவலக வழக்கம்.

ஒரு பருவத்தில் வந்த பிள்ளைகளில் பாதிப்பேர் ஒரே மருத்துவ முகாமைப் பற்றி எழுதியிருந்தார்கள். எல்லோருடைய கோப்பிலும் ஒரு புகைப்படம். எல்லாப் புகைப்படத்திலும் அதே மூதாட்டி, அதே சிவப்புப் புடவை. ரத்த அழுத்தக் கருவியைச் சுற்றிய கையைப் பிடித்திருக்கும் பிள்ளை மட்டும்தான் வேறு.

மாமி படங்களை மேசையில் வரிசையாக வைத்துப் பார்த்தார். "பாவம், காலம்பறலேர்ந்து இவளுக்கே மாத்தி மாத்திப் பார்த்திண்டிருக்கா. பிரஷர் இல்லாட்டாலும் சாயங்காலத்துக்குள்ள வந்திருக்கும்," என்றார்.

அந்தப் படங்களை வைத்திருந்த பிள்ளைகளில் தர்ஷினியும் ஒருத்தி.

தர்ஷினியின் அப்பா சேகருக்கு தியாகராய நகரில், ரங்கநாதன் தெருவை ஒட்டிய சந்தில், மேட்சிங் சென்டர். புடவையைக் கொண்டுபோய்க் கொடுத்தால் அதே நிறத்தில் ரவிக்கைத் துணி எடுத்துத் தருகிற கடை. சுவர் முழுக்கத் துணிச் சுருள்கள். பச்சையில் மட்டும் ஒரு அலமாரி உண்டு. தர்ஷினி கெட்டிக்காரி. நான்கு கல்லூரிகளுக்கு விண்ணப்பித்திருந்தாள். மார்கழி பிறப்பதற்குள் மூன்றிலிருந்து மறுப்பு வந்துவிட்டது. நேர்காணலுக்கு அழைத்தது ஒரே ஒரு கல்லூரி. அதுவும் கணினி வழியாக, தை மாதப் புதன்கிழமை ஒன்றில். அது போனால் வெளிநாட்டுப் படிப்பு அந்த ஆண்டுக்கு இல்லை. இன்னொரு ஆண்டு காத்திருக்க வீட்டில் யாரும் தயாராக இல்லை. பாட்டியும் அத்தைகளும் ஜாதகத்தைத் தூசி தட்டத் தொடங்கியிருந்தார்கள். அவளே சொன்னாள்: "சார், இது போச்சுன்னா எனக்கு ஸ்டெதஸ்கோப் இல்ல, தாலிதான்."

நேர்காணலுக்கு முந்தைய சனிக்கிழமை, அப்பாவும் பெண்ணும் வந்தார்கள். மாமி மேசைக்கு அந்தப்பக்கம் அமர்ந்தார். முகாமைப் பற்றிக் கேட்டார்.

தர்ஷினி அந்த மூதாட்டியின் துயரத்தைச் சொல்லத் தொடங்கினாள். சொல்லும்போது அவள் புருவங்கள் மெல்ல நடுவில் உயர்ந்து கூடின. கண்ணில் நீர் தளும்பியது, ஆனால் விழவில்லை. கழுத்து ஒரு பக்கம் இலேசாகச் சாய்ந்தது. எனக்கே நெஞ்சு இளகிவிட்டது.

மாமி பேனாவை மூடி வைத்தார். "பேஷ். யார்கிட்ட கத்துண்டே?"

"எதை மேடம்?"

"கருணை ரசத்தை. உன் அரங்கேற்றத்துக்கு நான் வந்திருக்கணும். மிஸ் பண்ணிட்டேன்."

தர்ஷினியின் முகம் சிவந்தது. எட்டு வயதிலிருந்து அபிநயம் பழகியவள். துயரம் என்ற சொல் வந்தால் முகம் தானாக அந்த இடத்துக்குப் போய்விடுகிறது. தான் செய்வது அவளுக்கே தெரியவில்லை. நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு மட்டுமே வருகிற வினோதமான சிக்கல் இது. உண்மையாகவே இரக்கம் இருக்கும், ஆனால் அது மேடை விளக்கில் தெரிகிற அளவில்தான் வெளியே வரும்.

"அந்தப் பாட்டி பேர் என்ன?" என்றார் மாமி.

தர்ஷினி தன் கோப்பிலிருந்த படத்தைப் பார்த்தாள்.

"சரி, அவா அன்னிக்கு ஆத்துக்குப் போனப்புறம் மாத்திரை சாப்பிட்டாளா?"

"தெரியாது மேடம்."

"போறது, விடு. முகாம் வேண்டாம். மாமா கிளினிக்?" அது முதல் அப்புறத்திலேயே படுத்துவிட்டது. நாட்டியம் இரண்டாவது வரைக்கும் வந்தது. மேசையில் மிச்சம் எதுவும் இல்லை. சேகர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

அப்போது நான் கேட்டது மிகச் சாதாரணமான கேள்வி. "ஞாயிற்றுக்கிழமையில் என்னம்மா செய்வாய்?"

"கடையில ஒக்காருவேன் சார்."

"அதெல்லாம் இல்ல சார்," என்று சேகர் குறுக்கே பாய்ந்தார். "சும்மா வரும், போவும். அதைப் போய் எழுதிக்கினு... டாக்டருக்குப் படிக்கப் போற பொண்ணு ரவிக்கத் துணி கிழிச்சுக் குடுத்துச்சுன்னு சொன்னா மரியாதையாவா இருக்கும்? அது மட்டுமில்ல சார், சின்னப் பொண்ணை வேலைக்கு வெச்சான்னு அந்த ஊர்க்காரன் எம் மேல கேஸ் போட்டுட்டான்னா?"

அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே பயந்திருந்தார். லண்டனிலிருந்து யாரோ கிளம்பி வந்து ரங்கநாதன் தெருக் கூட்டத்தில் அவர் கடையைத் தேடுவதாக அவருக்குள் ஒரு படம் ஓடியிருக்க வேண்டும்.

மாமி அவரைக் கவனிக்கவே இல்லை. பெண்ணைப் பார்த்து, "கடையில ஒக்காந்து? அப்புறம்?" என்றார்.

தர்ஷினி அப்பாவைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்துச் சொல்லத் தொடங்கினாள். இந்த முறை புருவம் அசையவில்லை.

ஆவணி முகூர்த்தக் கூட்டத்தில் ஒரு நாள் நடந்தது அது. அஞ்சலை என்று ஒரு அக்கா, பட்டினப்பாக்கத்தில் மீன் விற்கிறவர், பல ஆண்டு வாடிக்கை. மகளின் நிச்சயதார்த்தத்துக்குக் கருநீலப் புடவை எடுத்திருந்தார். தர்ஷினிதான் துணி எடுத்துக் கொடுத்தாள். மறுநாளே அஞ்சலை திரும்பி வந்தார். கறுப்புத் துணியைக் கொடுத்திருக்கிறாய் என்றார். வேறு துணி எடுத்துக் கொடுத்தாள். அதையும் கொண்டுவந்தார். மூன்றாவது முறை வந்தபோது கடை நிறையக் கூட்டம். அஞ்சலை துணியை மேசைமேல் போட்டுக் கத்தினார்: "நல்ல காரியத்துக்குக் கறுப்பு குடுத்து அனுப்புறியே, எம் பொண்ணு நல்லா இருக்கக் கூடாதுன்னு நெனப்பா?"

மேட்சிங் கடைகளில் ஒரு வழக்கம் உண்டு. குழல் விளக்கு நிறத்தை மாற்றிக் காட்டும் என்பதால், சந்தேகம் வந்தால் துணியையும் புடவையையும் வாசலுக்கு எடுத்துப்போய் வெயிலில் பிடித்துக் காட்டுவார்கள். தர்ஷினி அதைத்தான் செய்தாள். பட்டப்பகல் வெளிச்சம். துணி அச்சு அசலாகக் கருநீலம். நின்றிருந்தவர்கள் எல்லோரும் நீலம் என்றார்கள். அஞ்சலை மட்டும், "கறுப்பு" என்றார். பக்கத்தில் மஞ்சள் துணி ஒன்று கிடந்தது. அதை வெள்ளை என்றார்.

"அப்பத்தான் எனக்குப் புரிஞ்சுது மேடம். உயிரியல்ல படிச்சிருக்கேன், கண்புரை வந்தா நிறம் மாறித் தெரியும்னு. கண்டுபிடிச்சுட்டேன்னு ஒரே சந்தோஷம். சத்தமா சொல்லிட்டேன்."

"என்னன்னு?"

"துணி சரியாத்தான் இருக்கு, உங்க கண்ணுதான் கெட்டுப்போச்சு, போய் டாக்டர்கிட்ட காட்டுங்கன்னு. எல்லார் முன்னாடியும். ரெண்டு மூணு பேர் சிரிச்சாங்க."

"அப்புறம்?"

"அந்த அக்கா புடவைய மடிச்சு எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்க. அன்னிலேர்ந்து கடைக்கு வரல. அப்பா ஒரு வாரம் எங்கிட்டப் பேசல."

"அப்புறம்?"

"அவ்வளவுதான் மேடம். எனக்குத் தெரியாது."

மூன்றாவது அப்புறத்தில் வந்து நின்றுவிட்டது. ஆனால் மாமி பேனாவை மூடவில்லை.

அடுத்து நடந்ததை நீங்கள் கவனிக்க வேண்டும். பெற்றோர் மாறுகிற வேகம் நம் தொழிலின் ஆபத்துகளில் ஒன்று. மாமியின் முகத்தைப் பார்த்த நொடியில் சேகருக்குக் கடையின் மேலிருந்த வெட்கம் பறந்துவிட்டது.

"சார், அப்ப இதையே சொல்லிரலாம் சார். ஆனா முடிவு மொட்டையா கீது. அந்த அம்மாவ நாமளே கூட்டிக்கினு போய் ஆபரேஷன் பண்ணி வெச்சோம்னு போட்ரலாம். என் பொண்ணு தினம் போய்க் கஞ்சி குடுத்துச்சுன்னு. வேணும்னா ஆஸ்பத்திரி பில்லு ஒண்ணு நான் ரெடி பண்ணிடறேன்."

"ஏங்காணும், கேஸ் போடுவான்னு பயந்தவர் நீர்தானே?" என்றார் மாமி. சேகர் அடங்கினார்.

தர்ஷினி வேறொன்று கேட்டாள். "பொய் வேணாம் சார். நாளைக்கே நான் நிஜமாவே போய் அந்த அக்காவப் பார்க்கட்டுமா? புதன்கிழமைக்குள்ள போனா, போனேன்னு உண்மையாவே சொல்லலாமே."

யோசித்துப் பாருங்கள். பொய் இல்லை. போவது நல்ல காரியம். கதைக்கு முடிவும் கிடைக்கும். ஒரே ஒரு அழைப்புதான் மிச்சம் இருக்கிற பிள்ளை. நீங்களாக இருந்தால் என்ன சொல்வீர்கள்?

"வேண்டாம்," என்றேன் நான். "நேர்காணல் முடிந்த பிறகு போ."

மாமி என் பக்கம் திரும்பினார். "ஏன் தடுக்கறேள்? போகட்டுமே."

"இப்போது போனால் அந்த அம்மாவுக்காகப் போக மாட்டாள் மாமி. புதன்கிழமைக்காகப் போவாள். எதிரே உட்கார்ந்து பேசும்போதே, இதை எப்படிச் சொல்லலாம் என்று மனம் வாக்கியம் கட்டிக்கொண்டிருக்கும். அந்த சிவப்புப் புடவைப் பாட்டிக்கு நேர்ந்ததுதான் அஞ்சலைக்கும் நேரும்."

"எதுக்காகப் போனா என்ன? நோயாளிக்கு டாக்டர் எதுக்கு வந்தான்கறதா முக்கியம்? வந்தானாங்கறதுதான் முக்கியம். நாற்பது வருஷம் நான் சம்பளத்துக்காகத்தான் போனேன். குழந்தைகள் பிழைக்கலையா?"

அதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. இன்றும் இல்லை. ஆனால் அலுவலகத்தில் கடைசி முடிவு என்னுடையது. நான் மாற்றவில்லை. நடந்ததை நடந்தபடி சொல், தெரியாததைத் தெரியாது என்று சொல் என்றேன். சேகர் படியிறங்கும்போது என் காதில் விழும்படியே முணுமுணுத்தார்: "அடுத்தவன் பொண்ணு பாரு, ஈசியா சொல்லிட்டாரு."

புதன்கிழமை நேர்காணல் முடிந்ததும் தர்ஷினி போனில் அழைத்தாள். நெடுநேரம் மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு சொன்னாள். ஒருவர் கேட்ட கேள்வி: உனக்குச் சரியான விஷயம் தெரிந்திருந்தும் அதனால் யாருக்கும் பயனில்லாமல் போனதுண்டா? அவள் கடைக் கதையைச் சொன்னாள். அந்தப் பெண்மணி இப்போது எப்படி இருக்கிறார் என்று கேட்டார்கள்.

"தெரியாதுன்னேன் சார். ஏன் தெரிஞ்சுக்கலன்னு கேட்டாங்க. போறதுக்குப் பயம்னேன். அதுக்கு மேல ஒண்ணும் வரல. அவங்க ஏதோ எழுதிக்கிட்டாங்க. டைம் முடிஞ்சிடுச்சு. போச்சு சார். எல்லாம் போச்சு."

பின்னால் சேகரின் குரல் கேட்டது: "ஒரு பில்லு போட்டிருந்தா முடிஞ்சிருக்கும்!"

அந்த வாரம் எனக்கு நல்ல தூக்கமில்லை. என் முடிவால் ஒரு பெண்ணின் ஆண்டு போயிருக்கலாம். மாமி ஒரு வார்த்தையும் குத்திப் பேசவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சாந்தோம் தேவாலயத்தில் காலைப் பூசை முடிந்து வெளியே வருகிறேன், கோயில் வாசலில் தர்ஷினி நிற்கிறாள். நான் பூசைக்குப் பிறகு நேராகப் பட்டினப்பாக்கம் போய் மீன் வாங்குகிறவன் என்பது அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும். திங்கட்கிழமை மதியம் என் டிபன் பாத்திரத்தைத் திறந்து பார்ப்பார்கள்.

"வழி காட்டுங்க சார். நான் அந்தப் பக்கம் போனதே இல்ல."

"அப்பா என்ன சொன்னார்?"

"அதான் முடிஞ்சிடுச்சே, இப்ப எதுக்குப் போறேன்னாரு."

நல்ல கேள்விதான். அவள் அதற்கு என்ன பதில் சொன்னாள் என்று நான் கேட்கவில்லை. இருவரும் நடந்தோம்.

அஞ்சலையின் கடை வரிசையின் கடைசியில் இருந்தது. பலகையில் சங்கராவும் நெத்திலியும். விரலால் ஒவ்வொரு மீனின் செவுளையும் தடவிப் பார்த்து அடுக்கிக்கொண்டிருந்தார். நான் பக்கத்துக் கடையில் வஞ்சிரம் விலை கேட்பதுபோல நின்றுகொண்டேன்.

"அக்கா, நான் மேட்சிங் கடைப் பொண்ணு."

அஞ்சலை நிமிர்ந்து குரல் வந்த பக்கம் பார்த்தார். "கொரலு தெரியுது. இன்னா, இங்கியும் கூட்டம் சேர்த்துச் சொல்லலாம்னு வந்தியா?"

"இல்லக்கா. சாரி சொல்ல வந்தேன்."

"சாரிக்கு மேட்சிங் எடுக்கத்தான் உன் கடைக்கு வந்தேன். நீதான் தொரத்திட்ட." அஞ்சலை சிரிக்கவில்லை. ஒரு மீனைத் திருப்பிப் போட்டார். "எங் கண்ணு எனக்குத் தெரியாதா? ரெண்டு வருசமா மங்கலாத்தான் கீது. ஊட்டுல கூடச் சொல்லல. அன்னிக்கு உங் கடையில பச்சைப் பொடவை கட்டிக்கினு ஒரு அம்மா நின்னுச்சே, நெனப்பிருக்கா? அது மந்தவெளியில கீது. பத்து வருசமா எங்கிட்டத்தான் மீனு வாங்கும். அதுக்கப்புறம் வர்ல. அது வர்ல, அது கூட வர்ற நாலு பேரும் வர்ல. கண்ணு தெரியாதவ விக்கிற மீனு நல்ல மீனா நாறுன மீனான்னு எப்டி நம்புறதுன்னு கேட்டுச்சாம்."

தர்ஷினி அப்படியே நின்றாள். எனக்கும் அப்போதுதான் உறைத்தது. நாங்கள் எல்லோரும் அலுவலகத்தில் உட்கார்ந்து அவமானத்தைப் பற்றியே யோசித்திருந்தோம். சிலர் சிரித்தது, மனம் நொந்தது, அவ்வளவுதான். கடையில் நின்றவர்களில் ஒருத்தி யாருடைய வாடிக்கை என்று மாமியும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. நோயாளியின் விஷயத்தைப் பிறர் முன் பேசக் கூடாது என்பதைப் பாடமாக எத்தனையோ பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். ஏன் பேசக் கூடாது என்பது அந்த மீன் பலகைக்குப் பக்கத்தில்தான் விளங்கியது.

"எனக்குத் தெரியாதுக்கா," என்றாள் தர்ஷினி. குரல் மிகச் சிறியதாக இருந்தது.

"தெரியாதுல்ல? தெரியாமத்தான் அம்மாஞ் சத்தமா சொன்ன."

ஒருவர் வந்து நெத்திலி கேட்டார். அஞ்சலை நிறுத்துக் கொடுத்தார். தர்ஷினி போகவில்லை. ஆள் போன பிறகு, பக்கத்தில் குனிந்து, எனக்கே அரைகுறையாகக் கேட்கிற குரலில், "ஆஸ்பத்திரிக்கு ஏன்க்கா போகல?" என்றாள்.

"யார் கூடப் போறது? பசங்க கடலுக்குப் போயிருவானுங்க. பொண்ணு மாமியார் ஊட்ல. தனியா போனா அங்க எழுதிப் போட்டுக்கிறதக்கூடப் படிக்கத் தெரியல, எல்லாம் மசமசன்னு." அஞ்சலை கையைத் தண்ணீரில் அலசினார். பிறகு, "நீதான சொன்ன, டாக்டர்கிட்ட காட்டுன்னு? நீயே இட்டுக்கினு போ," என்றார்.

சொன்னது கோபமா கேலியா என்று எனக்குப் பிடிபடவில்லை. தர்ஷினி அதை யோசிக்கவில்லை. "என்னிக்குக்கா?" என்றாள்.

நான் வாங்கிய வஞ்சிரம் அன்று நன்றாக இல்லை. கவனம் முழுக்க வேறு இடத்தில் இருந்தது.

அதற்குப் பிறகு தர்ஷினி அஞ்சலையோடு அரசு கண் மருத்துவமனைக்கு எத்தனை முறை போனாள் என்று எனக்குத் தெரியாது. அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மாமியிடம் விஷயத்தைச் சொன்னேன். "நான் சொன்னபடி முன்னாடியே போயிருந்தா, இந்தக் கதையை அன்னிக்கு நன்னா சொல்லியிருப்பா. சீட்டு நிச்சயம்," என்றார். பிறகு அவரே, "ஆனா புதன்கிழமைக்கப்புறம் திரும்பப் போயிருப்பாளோ, தெரியலை," என்றார். எங்களில் யார் சொன்னது சரி என்று இருவரும் அதற்குப் பிறகும் பல சனிக்கிழமைகள் வாதாடியிருக்கிறோம். முடிவு கண்டதில்லை.

கல்லூரியின் பதில் பங்குனியில் வந்தது. மயிலாப்பூரில் அறுபத்து மூவர் புறப்பாட்டுக்கு மறுநாள் அது. தெருவெல்லாம் நீர்மோர் பந்தல்களைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அது தவக்காலம், காலையிலிருந்து வெறும் கஞ்சிதான். சேகர் இரண்டு படிகளாகத் தாண்டி மாடியேறி வந்தார். கையில் மைசூர்பாகு டப்பா, இன்னொரு கையில் கைப்பேசி.

"கெடச்சிருச்சு சார்! சீட்டு கெடச்சிருச்சு!"

மாமி எழுந்து நின்று அவர் தலையில் கை வைத்தார். அவ்வளவு பெரிய மனிதர் சின்னப் பிள்ளைபோல அழுதார். ஏன் கொடுத்தார்கள், எதைப் பார்த்துக் கொடுத்தார்கள் என்று அந்தக் கடிதத்தில் ஒரு வரி இல்லை. அவர்கள் ஒருபோதும் சொல்வதில்லை. கடைக் கதையாக இருக்கலாம். தெரியாது என்று சொன்னதாக இருக்கலாம். மதிப்பெண்ணாகவும் இருக்கலாம். உங்கள் கேள்விக்கு நான் பட்டியல் தராததன் காரணம் இதுதான். அவள் செய்ததிலேயே பெரிய காரியம் விண்ணப்பத்தில் ஏறவே இல்லை. அதைச் செய்து முடித்தபோது எழுத இடமும் இல்லை, கேட்க ஆளும் இல்லை.

"பொண்ணு எங்கே?" என்றேன்.

"காலையிலேர்ந்து போன் போட்டுக்கினே இருக்கேன் சார். எடுக்கவே மாட்டேங்குது. அது இன்னும் பார்க்கவே இல்ல. உலகத்துக்கே தெரிஞ்சுபோச்சு, அதுக்கு மட்டும் தெரியாது."

பிற்பகலில்தான் அவள் அழைத்தாள். சேகர் ஒலிபெருக்கியைப் போட்டு மேசைமேல் வைத்தார். சீட்டு கிடைத்துவிட்டது என்று அவர் கத்தியதும் மறுமுனையில் ஒரு சின்ன சத்தம் வந்தது. சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. பின்னால் ஒரு பெண்குரல், "இன்னாம்மா, இன்னாச்சு?" என்றது. அஞ்சலையின் குரல்.

"ஏன் கண்ணு, இத்தினி வாட்டி அடிச்சேன், ஒரு வாட்டியாவது எடுக்கக் கூடாதா?" என்றார் சேகர்.

"எடுக்க முடியலப்பா. அக்காவ ஆபரேஷனுக்கு உள்ள கூட்டிட்டுப் போறப்ப, தோட்டையும் மூக்குத்தியையும் கழட்டி எங்கையில குடுத்துட்டாங்க. தொலைஞ்சுடப் போவுதுன்னு ரெண்டு கையையும் மூடியே வெச்சிருந்தேன்."